லிஸ்பனில் இறங்கியதும் முதல் மூன்று நாள் என்ன செய்வது?

தம்பி, உங்கள் கேள்வி இதுதான். ஜூன் முதல் வாரம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு ஒன்பது நாள் போகிறீர்கள். முதல் நாள் ஆற்றோரப் பகுதியான பெலேம், இரண்டாம் நாள் பக்கத்து மலையூர் சின்ட்ரா, மூன்றாம் நாள் கடற்கரை என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு மூட்டு வலி, அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அங்கே இருக்கும் சொந்தக்காரருக்கு நம் தோட்டத்து மாம்பழம் எடுத்துப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஊரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது தர்மபுரியோடு இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திட்டத்தில் இருக்கும் இடங்கள் எல்லாம் நல்ல இடங்கள்தான். வரிசைதான் தப்பு. அந்த மூன்றையும் நாலாம் நாளுக்கு அப்பால் தள்ளுங்கள். முதல் மூன்று நாள் அந்த ஊரின் மேட்டையும் வெயிலையும் சாப்பாட்டு நேரத்தையும் உடம்பு பழகட்டும். அறுபது தாண்டிய இருவரை வைத்துக்கொண்டு லிஸ்பனில் ஓடினால் நாலாம் நாள் ஹோட்டல் அறையில்தான் இருப்பீர்கள்.

மாம்பழத்தை முதலில் முடித்துவிடலாம். எடுத்துப் போகாதீர்கள். பயிர்நலச் சான்றிதழ் இல்லாமல் புதுப் பழம், காய், இலை எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பையில் கொண்டுபோக முடியாது. வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மாம்பழமும் கறிவேப்பிலையும் அதில் வராது. பால், இறைச்சி சார்ந்தவையும் கூடாது. நெய், பால்கோவா, மைசூர்பாக் எல்லாம் இதில் அடங்கிவிடும். ஆனால் ஆலையில் அடைத்த மாம்பழக் கூழ் டின் பதப்படுத்திய பொருள், அதற்குத் தடை இல்லை. நம் மாவட்டத்துக்காரர் கொடுக்க அதைவிடப் பொருத்தமான பரிசு வேறென்ன? டின்னைப் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ராகி மாவு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி தாராளமாகப் போகும். பருப்புப்பொடிக்கு நெய் கிடையாது, அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி பயணம். பெங்களூரிலிருந்து லிஸ்பனுக்கு நேர் விமானம் இல்லை. துபாய் வழியாகவோ ஐரோப்பாவின் ஏதாவது ஒரு ஊர் வழியாகவோதான் போக வேண்டும். நமக்கு அதற்கு முன்னாலேயே ஒரு பயணம் இருக்கிறது. ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரின் தெற்கு முனையில் நுழைந்து, ஊர் முழுக்கக் கடந்து, வடக்கே தேவனஹள்ளி விமான நிலையம் போக வேண்டும். அந்த நெரிசலில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டு வாசலிலிருந்து லிஸ்பன் ஹோட்டல் வரை கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு முழு நாள். இறங்கியதும் குடியேற்ற வரிசை. கைரேகையும் படமும் எடுக்கும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருப்பதால் வரிசை நீளக்கூடும். அப்பாவின் மாத்திரை கையிலேயே இருக்கட்டும்.

கோடையில் அவர்கள் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் ஆறு மணி ஆகும்போது நம் உடம்புக்கு இரவு பத்தரை. கண் சொருகும், ஆனால் வெளியே பட்டப்பகல். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகிவிடும். அன்றைக்குப் பகலில் படுத்தால் இரவு ஒரு மணிக்கு மூவரும் விழித்து உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் முதல் நாள் ஒரே ஒரு வேலை: ஆற்றங்கரைக்குப் போய் எட்டு மணி வரை உட்காருவது.

ஆமாம், ஆற்றங்கரை. படங்களில் நீலமாகப் பரந்து தெரிவதைக் கடல் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் போகிறார்கள். அது தேஜோ ஆறு. அட்லாண்டிக் கடல் மேற்கே இன்னும் தள்ளி இருக்கிறது. காவிரியை ஒகேனக்கல்லில் பாறைக்கு நடுவே பார்த்துப் பழகிய நமக்கு, ஆறு இவ்வளவு அகலமாக இருக்கும் என்று நம்பவே நேரம் பிடிக்கும். பிரசா டோ கொமெர்சியோ என்ற பெரிய சதுக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கும் கல் படிகள் இருக்கின்றன. அங்கே உட்காருங்கள். மேற்கே சிவப்பு நிறத் தொங்கு பாலம் தெரியும். 1966இல் திறந்தபோது அதற்குச் சர்வாதிகாரி சலசாரின் பெயர். 1974 ஏப்ரல் 25 அன்று ராணுவத்தினரே அந்த ஆட்சியைக் கவிழ்த்தார்கள், அந்தத் தேதியே இப்போது பாலத்தின் பெயர்.

தங்கும் இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்தது. அல்ஃபாமா என்ற பழைய பகுதியில் அழகழகான வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். எடுக்காதீர்கள். பாதிக்கு மேல் படிக்கட்டுச் சந்துகள், வண்டி வாசலுக்கு வராது, பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது. போதாததற்கு ஜூன் அவர்கள் திருவிழா மாதம். 12ஆம் தேதி இரவு புனித அந்தோணியார் விழா உச்சத்துக்குப் போகும், அதற்கு முன்னும் பின்னும் தெருவிலேயே மத்தி மீன் சுட்டு, பாட்டுப் போட்டு, விடிய விடிய ஆடுவார்கள். ஒரு இரவு போய்ப் பார்க்க அருமையாக இருக்கும், அதன் மேல்மாடியில் தூங்க முடியாது. சமதளமான கீழ் நகரம் பைஷா, அல்லது மெட்ரோ ஓடும் சல்டான்யா பக்கம் பாருங்கள். அடுப்பு உள்ள சின்ன வீடாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, அம்மா களி கிண்டிக்கொள்வார். முன்பதிவுக்கு முன் 'லிஃப்ட் இருக்கிறதா' என்று எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகராட்சி வரி உண்டு. ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட வேண்டாம்.

ஏழு குன்றுகளின் ஊர் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் கூடவே இருக்கும். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்திருப்பார்கள். நூறு வருடம் கால் பட்டுப் பட்டு அது கண்ணாடிபோல் வழவழத்திருக்கும், காலைப் பனியில் இன்னும் மோசம். அப்பா தோல் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடி பிடிக்கும் ரப்பர் ஷூவை ஒரு மாதம் முன்பே போட்டு நடந்து பழகட்டும்.

மூட்டு வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிடப் படி இறங்குவதுதான் கஷ்டம். 'வண்டியில் ஏறி நடந்து இறங்கு' என்று எல்லோரும் சொல்வார்கள். அது படிக்கட்டுக்குப் பொருந்தாது, சரிவான சாலைக்குத்தான் பொருந்தும். ஏறுவதற்குச் செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. பைஷாவில் ஃபங்கெய்ரோஸ் தெருவில் ஒரு பொது லிஃப்ட், அதில் ஏறி மடலேனா தெருவைக் கடந்தால் ஒரு சூப்பர்மார்க்கெட் கட்டடத்துக்குள் இன்னொரு லிஃப்ட். இரண்டும் சேர்ந்து கோட்டைக் குன்றில் பாதிக்கு மேல் தூக்கிவிட்டுவிடும். எதிர்ப்பக்கம் ஷியாடோ மேட்டுக்குப் போக பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்தின் நகரும் படிகள். 1902இல் கட்டிய சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்டைக் கீழிருந்து பார்த்துப் படம் எடுத்தால் போதும், அந்த வரிசை வேண்டாம். மலை ரயில்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா மலை ரயில் கம்பிவடம் அறுந்து கீழே பாய்ந்து 16 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வயலுக்கும் பால் கறக்கவும் நாலு மணிக்கு எழும் ஊர்க்காரர்கள் நாம். அந்த ஊரோ ஒன்பது மணிக்கு மெதுவாகச் சோம்பல் முறிக்கும். சூரியன் 6.10 வாக்கில் உதிக்கும். ஏழு மணிக்கு மார்ட்டிம் மோனிஸ் சதுக்கத்தில் 28ஆம் எண் டிராம் ஏறுங்கள். 1930களின் மரப்பெட்டி டிராம்கள். சந்துக்குள் நுழையும்போது சுவரைத் தொட்டுவிடலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் மூவருக்கும் ஜன்னல் சீட் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் போனால் நிற்கக்கூட இடமில்லை, ஜேப்படிக்காரர்களுக்கு அதுதான் அலுவலக நேரம். நவெகாண்டெ என்ற அட்டையை மெட்ரோ நிலையத்தில் அரை யூரோவுக்கு வாங்கி 24 மணி நேரச் சீட்டைப் போட்டுக்கொண்டால் டிராம், பேருந்து, மெட்ரோ எல்லாம் ஏறலாம். சீட்டு ஏறக்குறைய 7 யூரோ. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒன்றைப் பகிர முடியாது.

போர்டாஸ் டோ சோல் நிறுத்தத்தில் இறங்கினால் அல்ஃபாமாவின் ஓட்டுக்கூரைகளும் அதற்குக் கீழே ஆறும். படி இறங்காதீர்கள். டிராம் மேற்கொண்டு போகும் சாலையிலேயே சாந்தா லூசியா, பிறகு பழைய பேராலயம் என்று சரிவில் மெல்ல இறங்கினால் பைஷா வந்துவிடும். காலை உணவுக்குள் திரும்பிவிடலாம்.

அந்த இறக்கத்தில் அப்பாவுக்கு ஒன்று காட்டுங்கள். மேலே எல்லாம் வளைந்த சந்து, கீழே பைஷாவில் எல்லாம் அளந்து போட்ட நேர்த்தெரு. காரணம் 1755 நவம்பர் 1. புனிதர் எல்லோருக்குமான திருநாள், காலை நேரம், ஜனங்கள் தேவாலயங்களில் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும்போது நிலம் குலுங்கியது. தப்பித்தவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓட, அங்கே ஆழிப்பேரலை வந்தது. மீதியை நாள்கணக்கில் எரிந்த தீ தின்றது. மார்க்கேஸ் டெ பொம்பால் என்ற அமைச்சர் கீழ் நகரத்தை முழுக்கப் புதிதாக எழுப்பினார். சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்து, அது அதிர்வைத் தாங்குமா என்று பார்க்க, மாதிரி ஒன்றைச் சுற்றிப் படைவீரர்களைக் கால் உதைத்து நடக்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். கூரை விழுந்த கார்மோ மடாலயம் இன்றும் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. மற்றதெல்லாம் விட்டாலும் அதை விடாதீர்கள், ஞாயிறு மட்டும் மூடியிருக்கும்.

வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைப்போம். அங்கே கணக்கு வேறு. கடிகாரத்தை இழுத்து வைத்திருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றரை மணிக்கு. கிருஷ்ணகிரியில் நாலு மணிக்குத் தாழும் வெயில் அங்கே ஆறு மணிவரை முகத்தில் அடிக்கும். ஆற்றிலிருந்தும் கடலிலிருந்தும் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது. சாயங்காலம் கண்ணாடியில் பார்க்கும்போதுதான் மூக்கும் பிடரியும் சொல்லும். சில வருடம் அனல் அலையும் வரும். 2018 ஆகஸ்டில் லிஸ்பன் 44 டிகிரியைத் தொட்டது. ஆகவே ஏழிலிருந்து பதினொன்று வரை சுற்றுங்கள், நாலு மணிவரை நிழல், ஐந்துக்கு மேல் மறுபடி. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

அம்மாவின் சாப்பாடுதான் இந்தப் பயணத்தின் உண்மையான சிக்கல். அங்கே மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை, பிறகு கதவைச் சாத்திவிட்டு ஏழரைக்குத்தான் அடுப்பு. ஆறு மணிக்குப் பசித்தால் காபிக்கடை மட்டும். காய்கறி சூப் என்று நம்பி வாங்கும் கால்டோ வெர்டெயில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். தோஸ்டா மிஸ்டா என்ற ரொட்டியில் பன்றி இறைச்சி இருக்கும், வெறும் பாலாடைக்கட்டி வைத்த தோஸ்டா தனியாகக் கேட்டால் போடுவார்கள். பெலேமில் 1837 முதல் சுட்டு விற்கும் புகழ்பெற்ற பாஸ்டெல் என்ற இனிப்பு முழுக்க முட்டை மஞ்சள்கரு, அது உங்களுக்கும் அப்பாவுக்கும் மட்டும். 'செங் கார்னெ, செங் பெய்ஷெ, செங் ஓவு' என்று சொல்லப் பழகுங்கள். இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம். 'சைவம்' என்று மொட்டையாகச் சொன்னால் முட்டை வரும், சில கடைகளில் சூரை மீனே வரும்.

மார்ட்டிம் மோனிஸைச் சுற்றியுள்ள தெருக்களில் நம் நாட்டார், வங்காளதேசத்தார், நேபாளத்தார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரிசி, துவரம்பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். வடக்கே லூமியார் பகுதியில் ராதா கிருஷ்ணர் கோவில் இருக்கிறது. மொசாம்பிக் விடுதலை அடைந்த 1975ஐ ஒட்டி அங்கிருந்து வந்த குஜராத்திக் குடும்பங்களின் கோவில். வளாகத்திலேயே சைவச் சாப்பாட்டுக் கூடம் உண்டு, திறக்கும் நேரம் கேட்டுக்கொண்டு மூன்றாம் நாள் மதியம் போய்விடுங்கள். அம்மாவுக்கு அன்றுதான் ஊர் பிடிக்க ஆரம்பிக்கும். ஜூனில் செர்ரிப் பழம் மலிவாகக் குவிந்திருக்கும், அதையும் ரொட்டியையும் வைத்தே ஒரு வேளையைக் கடத்தலாம்.

நீங்களும் அப்பாவும் அசைவம் என்றால் பக்கல்யாவ் சாப்பிடுங்கள். உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன். நம் சந்தையில் கருவாட்டுக் கடையைக் கடக்கும்போது வரும் வாசனையே அந்த ஊர் மளிகைக் கடைகளில் வரும். ஆனால் இரண்டு நாள் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுச் சமைப்பதால் கருவாட்டு ருசி இருக்காது. மீன் நார்வே, ஐஸ்லாந்து பக்கத்திலிருந்து வருகிறது. தன் கடலில் இல்லாத மீனைத் தேசிய உணவாக வைத்திருக்கும் விசித்திரமான மக்கள். இன்னொன்று: உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசமில்லை. தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாமென்றால் எடுத்துப் போகச் சொல்லலாம், யாரும் கோபப்படமாட்டார்கள்.

காபி பற்றி ஒரு வரி. கேட்டால் வருவது விரலளவுக் கோப்பையில் கறுப்பு. பாதிக்குப் பாதி பால் வேண்டுமென்றால் மெய்யா டெ லெய்டெ. டிகாக்‌ஷன் வாசம் கிடைக்காது, சமாளிக்கலாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கைஸ் டோ சோத்ரே என்ற படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை கசில்யாஸுக்குப் படகு ஏறுங்கள். பத்து நிமிடப் பயணம், வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் சாதாரணப் படகு, கட்டணமும் அதற்கேற்பத்தான். சுற்றுலாப் படகுகள் பல மடங்கு வாங்கிக்கொண்டு காட்டுவதும் இதே காட்சியைத்தான். குன்று குன்றாக முழு ஊரும் ஒரே பார்வையில் விழும், மூன்று நாளாக ஏறி இறங்கிய மேடெல்லாம் எது எது என்று அப்பாவே காட்டுவார்.

நாலாம் நாள் பெலேம். திங்கட்கிழமையாக இருந்தால் அடுத்த நாளுக்கு மாற்றுங்கள், ஜெரோனிமோஸ் மடாலயம் மூடியிருக்கும். டிராமைவிட கைஸ் டோ சோத்ரேயிலிருந்து ரயில் சுலபம். மடாலயத்துத் தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, உள்முற்றத்துக்கு மட்டும்தான் டிக்கெட். அந்தக் கல் வேலைப்பாட்டின் செலவில் பெரும்பங்கு மிளகு முதலான கிழக்கத்திச் சரக்குகள் மேல் போட்ட 5 சதவீத வரியிலிருந்து வந்தது. உள்ளே வாஸ்கோடகாமாவின் கல்லறை. இந்தக் கரையிலிருந்து 1497 ஜூலையில் கிளம்பி 1498 மே மாதம் கோழிக்கோடு சேர்ந்தவர், 1524இல் கொச்சியில் இறந்தார். முதலில் கொச்சி கோட்டைப் பகுதித் தேவாலயத்தில்தான் புதைத்தார்கள், உடல் பிறகுதான் இங்கே வந்தது. பெலேமில் சற்றுத் தள்ளி, குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எதிரே, உயரமான தூணில் ஒருவர் நிற்பார். 1510இல் கோவாவைப் பிடித்த அஃபோன்சோ டெ அல்புகெர்க்கெ. நம் அல்போன்சா மாம்பழத்தின் பெயர் அவரிடமிருந்து வந்தது என்பார்கள். கோவாவில் போர்ச்சுகீசியர் ஒட்டுக்கட்டிப் பெருக்கிய மரம் அது. மாம்பழத்தை வைத்து வாழும் மாவட்டத்திலிருந்து வந்தவர் நாலு வார்த்தை திட்டினாலும் திட்டலாம், கும்பிட்டாலும் கும்பிடலாம். வரலாறு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

கடற்கரைக்கு ஐந்தாம் நாள். அதே ரயில் பாதையில் கர்க்கவெலோஸ், அரை மணி நேரத்துக்குள். மணல் அகலம், நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். தண்ணீர் ஜூனிலும் 17, 18 டிகிரிதான். மெரினா மாதிரி நினைத்துக் கால் வைத்தால் உறைந்துபோவீர்கள். பச்சைக் கொடி இறங்கலாம், மஞ்சள் என்றால் கால் நனைப்பதோடு நிற்க வேண்டும், நீச்சல் கூடாது, சிவப்பு என்றால் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி பறந்தால் காவலர் இல்லை என்று பொருள். கே.ஆர்.பி. அணையிலும் ஒகேனக்கல்லிலும் நீந்தியவர்கள் இந்தக் கொடியை மதிக்காமல் இறங்குவதுதான் ஆபத்து. அட்லாண்டிக்கின் அலை பின்னால் இழுக்கும், ஆற்று நீச்சல் அங்கே உதவாது. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். மதியத்துக்கு மேல் வடக்குக் காற்று மணலை வாரி அடிக்கும், பதினொன்றுக்குள் குளித்து முடித்துவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள்: நம் இரண்டு முனை பிளக் அங்கே பொருந்தும், மூன்று முனை பொருந்தாது, ஒரு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ரூவா அகஸ்தா தெருவில் காதருகே வந்து போதைப்பொருள் வேண்டுமா என்று முணுமுணுப்பவர்கள் வருவார்கள், நிற்காமல் நடங்கள், தொடரமாட்டார்கள்.

சின்ட்ராவை ஆறாம் நாளுக்கோ ஏழாம் நாளுக்கோ வையுங்கள். ரோசியோ நிலையத்திலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம். பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட், முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். சனி ஞாயிறு வேண்டாம். நிலையத்திலிருந்து மேலே பேருந்து உண்டு, பூங்கா வாசலிலிருந்து அரண்மனை வரை இன்னொரு சின்ன வண்டி, இரண்டுக்கும் காசு கொடுத்துவிடுங்கள், அப்பாவை நடக்க விடாதீர்கள். லிஸ்பன் கொதிக்கும் நாளிலும் அந்த மலையில் பனிமூட்டம் இறங்கும். அம்மாவுக்கு ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.